அசையும் சுவரும் அசையா வழக்கமும்

வீட்டை அசையாச் சொத்து என்கிறது சட்டம். ஆனால் இன்று பெருநகரங்களில் எழும் புதுவீடுகளின் பெருமையே அவற்றின் உட்பகுதி அசைவதுதான். தடுப்பு ஒன்றை இழுத்தால் ஓர் அறை இரண்டாகிறது. கட்டிலைத் தூக்கிச் சுவரோடு மடக்கினால் படுக்கையறை படிப்பறையாகிறது. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் இரண்டே அறைகளுக்குள் குடித்தனம் நடத்தும் நம்மவர்க்கு இஃது உற்ற துணை என்பதில் ஐயமில்லை. இதனை மேனாட்டார் அளித்த புதுமை என்று பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் எவ்வளவு பொருத்தமுடையது என்பதைச் சற்று ஆராய்வோம்.

கேரளத்தின் தென்கோடியில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் அண்மையில், தமிழக எல்லையை ஒட்டி உள்ளது காரக்கோணம் என்னும் ஊர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பட்டபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்ததேயன்றி, வீடு கட்டும் மரபைப் பிரிக்கவில்லை. இருபுறத்துத் தச்சரும் கையாண்ட முறை ஒன்றே. அம்முறைக்குத் தலைசிறந்த சான்றாகிய பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது. அதனைப் பேணி வருவதோ கேரள அரசின் தொல்பொருள் துறை.

மழை மிகுந்து மரம் மலிந்த நாடு அது. பலாவும் அயனியும் தேக்கும் வீட்டுக்கு உடலாயின. எளியோர் பனையையும் ஓலையையும் நம்பி வாழ்ந்தனர். வசதியுடையோர் இல்லங்களில் சுவரும் மரமாகவே இருந்தது. சட்டங்களுக்கிடையே பலகைகளைக் கோத்து நிறுத்திய இச்சுவருக்கு ‘நிரை’ என்று பெயர். தூணையும் உத்தரத்தையும் கழுந்தும் துளையுமாகப் பொருத்தி, மர ஆணிகளால் இறுக்கினர். இரும்பாணிக்கு அங்கே வேலை மிகக் குறைவு. ஆகவே வீட்டைச் சிதைக்காமல் பிரிக்கவும், வேறொரு மனைக்கு எடுத்துச் சென்று மீண்டும் பூட்டவும் முடிந்தது. மனை அசையாது நின்றது. வீடு மட்டும் அசைந்தது!

இதற்கு இன்றும் கண்கூடான சான்று உண்டு. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தட்சிணசித்திரா என்னும் கலைக்கூடத்தில், திருவனந்தபுரத்து மரவீடு ஒன்றும், கோட்டயத்தை அடுத்த புதுப்பள்ளியின் கிறித்தவக் குடும்ப வீடு ஒன்றும் அவ்வாறு பிரித்துக் கொணர்ந்து நிறுவப்பட்டுள்ளன. கடைத்தெருவிலும் இக்கலையின் எளிய வடிவைக் காணலாம். கடையின் முன்புறத்தை அடைக்கும் நிரைப்பலகைகளை வணிகர் காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றுவார். மாலையில் எண் வரிசைப்படி மீண்டும் கோப்பார். பகலில் வாயிலாக இருந்தது இரவில் சுவராகிவிடும்.

சுவர் அசையாத இடங்களிலும் பயன் அசைந்தது. திண்ணை பகலில் வழக்குப் பேசும் மன்றம். இரவில் வழிப்போக்கர் துயிலிடம். முற்றம் நெல் உலரும் களம். திருமண நாளில் அதுவே பந்தல். நெல் சேமிக்கும் பத்தாயத்தின் மேற்பலகை முதியோருக்குக் கட்டிலாயிற்று. பாயை விரித்தால் படுக்கையறை, சுருட்டினால் கூடம். பத்மநாபபுரத்து ஊட்டுப்புரையில் ஏறத்தாழ 2,000 பேர் உணவருந்தலாம் என்பர். அங்கும் நீண்ட வெறுந்தளமே காணப்படுகிறது. இலை விரிந்தபோது அது பந்தியாயிற்று. அறைக்குப் பெயர் தந்தது அதில் கிடந்த பொருள் அன்று. அந்தந்த வேளையின் தேவையே.

இம்மரபைப் புகழ்வதோடு நிறுத்திக்கொண்டால் வரலாறு பாதியே சொல்லப்பட்டதாகும். பலகை அசைந்த அந்நாட்டில் வழக்கம் அசையவில்லை. தென் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் தம் வீட்டுக்கு மேல்மாடி எழுப்பலாகாது என்ற கட்டுப்பாடு நெடுங்காலம் நிலவியது. ஒருவர் திண்ணையில் அமரலாம். மற்றொருவர் படியருகே நிற்கவேண்டும். வேறொருவர் முற்றத்தின் எல்லையையே கடத்தலாகாது. பெண்டிர்க்கும் வீட்டின் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவில் உரியனவாக இருக்கவில்லை. 1859-இல் மேலாடை உரிமையும், 1936-இல் ஆலய நுழைவும் அரச அறிக்கைகளால் ஏற்கப்பட்டதற்கு முன்னும் பின்னும் மக்கள் எத்தனையோ போராட்டங்களை நடத்தவேண்டியிருந்தது. மரச்சுவரைக் கழற்றத் தச்சர் ஒருவர் போதும். மனச்சுவரைக் கழற்ற ஒரு நூற்றாண்டும் போதவில்லை.

இவ்வுண்மையை நினைவிற் கொண்டு மேனாட்டுப் புதுமையைப் பார்த்தால் அதன் சிறப்பு எதுவென்று விளங்கும். நெதர்லாந்து நாட்டின் உட்ரெக்ட் நகரில் 1924-ஆம் ஆண்டு கெரிட் ரீட்வெல்ட் என்னும் கட்டடக் கலைஞர் ஒரு சிறு வீட்டை அமைத்தார். அதனைக் கட்டச் செய்த ட்ரூஸ் ஷ்ரோடர் மூன்று குழந்தைகளுக்குத் தாயான கைம்பெண். வீட்டின் அமைப்பை வகுத்ததில் அவ்வம்மைக்கும் பெரும் பங்கு உண்டு. மேல்தளம் பகலில் ஒரே வெளி. இரவில் நகரும் தடுப்புகளை இழுத்தால் தனித்தனி அறைகள். 2000-ஆம் ஆண்டில் இவ்வீடு உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. நகரும் தடுப்பு உலகுக்குப் புதிதன்று. சப்பானியர் அதனை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். தாயும் மக்களும் ஒருங்கிருந்து பேசிப் பழகவேண்டும் என்ற நோக்கத்துக்காக ஒரு பெண் தன் இல்லத்தைத் தானே வகுத்துக்கொண்டதே அங்குப் புதுமை.

நம் பகுதியில் அத்தகைய நோக்கோடு பணிபுரிந்தவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து இந்தியாவைத் தம் நாடாக்கிக்கொண்ட அவர், தம் வாழ்வின் பிற்பகுதியைத் திருவனந்தபுரத்தில் கழித்து 2007-இல் மறைந்தார். உள்ளூர்ச் செங்கல்லையும் உள்ளூர்க் கைவினையையும் நம்பி, குடும்பத்தின் தேவையைக் கேட்டறிந்து, சிக்கனமாக வீடுகள் கட்டினார். முன்னே கூறிய தட்சிணசித்திராவின் முதல் வரைவுக்கும் அவர் துணை உண்டு. ஆயினும் காங்கிரீட் வீடுகள் பெருகிய காலத்தில் திண்ணை சுருங்கிற்று, முற்றம் மூடப்பட்டது. ஒவ்வோர் அறையும் ஒரே பயனுக்கு உரியதாகி, நாளின் பெரும்பகுதி பூட்டிக் கிடப்பதாயிற்று.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்குத் திண்ணையும் முற்றமும் வாய்ப்பதற்கில்லை. ஆனால் அவற்றை ஆக்கிய கருத்து நம் கையில் உள்ளது. ஊரிலிருந்து வேலை தேடி வரும் இளைஞனுக்கு இரவில் கூடத்தில் ஒரு பாய். தேர்வுக்குப் படிக்கும் மகளுக்கு ஒரு திரைக்குப் பின் ஓர் ஒதுக்கிடம். சமையலறையிலேயே நாளைக் கழிக்கும் இல்லத்தரசிக்கு வெளிச்சமுள்ள ஒரு சாளரத்தோரம். இவற்றுக்கு வழி செய்வதே மாற்றி அமைக்கத்தக்க வீட்டின் பொருள். விலையுயர்ந்த தடுப்பை வாங்கிவிட்டு, வந்த விருந்தினரை வாயிலிலேயே நிறுத்தி அனுப்பும் வீடு எத்துணை மடங்கினும் சிறு வீடே. இடம் தர மனம் கொண்டோர் வாழும் இரண்டு அறை, தேவைக்கேற்ப நாலுகெட்டாக விரியும்.