குரங்குக் குன்று தந்த பாடம்

1925-ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் ‘குரங்குக் குன்று’ என்னும் செய்குன்று ஒன்று அமைக்கப்பெற்றது. ஏறக்குறைய 100 ஹமாத்ரியாஸ் பபூன் குரங்குகள் அதில் விடப்பட்டன. ஆண்களை மட்டுமே வைத்தல் வேண்டும் என்பது நிருவாகத்தாரின் எண்ணம். ஆயினும் 6 பெண் குரங்குகளும் உடன் வந்துவிட்டன. அவற்றின்பொருட்டு ஆண்களிடையே கடும் போர் மூண்டது. 1927-இல் மேலும் 30 பெண் குரங்குகளை உள்ளே விட்டனர். ஒரு மாதத்திற்குள் அவற்றுள் 15 கொல்லப்பட்டன.

இக்குன்றை ஆராய்ந்த ஸாலி சுக்கர்மன் 1932-இல் நூலொன்று வெளியிட்டார். ஆதிக்கமும் பாலுணர்ச்சியுமே குரங்குச் சமூகத்தின் அடிப்படை என்பது அவர் முடிபு. கற்றோர் பலரும் அதனை நெடுங்காலம் நம்பினர்.

அஃது உண்மைதானா? 1960-இல் ஹான்ஸ் கும்மர் என்னும் சுவிஸ் அறிஞர் எத்தியோப்பியா சென்று, அதே இனத்தை அதன் தாயகத்திலேயே கண்டு ஆராய்ந்தார். அங்கே ஓர் ஆண், சில பெண்கள், குட்டிகள் எனக் குரங்குகள் குடும்பமாய் வாழ்ந்தன. ஓர் ஆணுக்குரிய பெண்ணை மற்றோர் ஆண் பெரும்பாலும் நாடுவதில்லை. இலண்டனிலோ, ஒன்றையொன்று அறியாத குரங்குகள். ஆண்கள் மிகப் பல. பெண்கள் மிகச் சில. ஓடி ஒளிய இடமும் இல்லை. அவற்றை அவ்வாறு கூட்டிவைத்தவர்களின் அறியாமையே அழிவுக்கு வழிவகுத்தது.

இன்று பெண் குரங்குக் கூட்டத்தில் புதிய ஆணைச் சேர்ப்போர், பல இடங்களில் முதலில் கம்பிவலைக்கு அப்பால் வைத்துப் பழக்கிய பின்னரே ஒன்றுசேர்க்கின்றனர். அந்தப் பொறுமை பல உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடமாகும்.