கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஜிலேபி

திருப்பூர் - கோவை பஸ்ல உக்காந்து, கிளவுட்ல ஏத்தி வெச்ச இலக்கிய பிடிஎஃப்களை டேப்லட்ல படிக்கிறப்போ இந்தக் கதை ஞாபகம் வரும்.

1998 பொங்கலன்னைக்கு மதுரைத் திட்டம் ஆரம்பிச்சப்போ தமிழுக்கு ஆளாளுக்கு ஒரு எழுத்துரு. நம்ம கணினியில அது இல்லேன்னா திரை முழுக்க ஜிலேபிதான். 1993-ல் அடோபி கொண்டுவந்த பிடிஎஃப் கைகொடுத்துச்சு. எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே பொதிஞ்சு குடுத்துடுமே! சுவிட்சர்லாந்துல இருந்து முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தமிழர்கள் காசு வாங்காம தட்டச்சினாங்க.

ஆனா ஒரு சிக்கல். அந்தப் பழைய டிஸ்கி பிடிஎஃப்ல யூனிகோடுல ஒரு சொல்லைத் தேடினா சிக்காது. காப்பி பண்ணினா கிறுக்கல்தான் வரும். அதே நூல்களை அப்புறமா யூனிகோடுக்கு மாத்தினதாலதான் இன்னிக்குத் தேட முடியுது.

அதனால மக்களே, பகிர்றதுக்கு பிடிஎஃப் போதும். மூல உரையை மட்டும் யூனிகோடுல தனியா பத்திரப்படுத்திக்குங்க.