அல்நார் நரம்பும் அளவீடும்: தசைத்தளர்த்தி மருந்துக் கண்காணிப்பும் வேலூர்த் தொழுநோய் மருத்துவ வரலாறும்

முன்னுரை

தசைத்தளர்த்தி மருந்தின் விளைவு எப்போது தொடங்கி எப்போது நீங்குகிறது என்பதை அறிய, மயக்கவியலார் பெரும்பாலும் மணிக்கட்டில் அல்நார் நரம்பை மின்னால் தூண்டிக் கட்டைவிரலின் அசைவை அளக்கின்றனர். தொழுநோய் மிகுதியாகத் தாக்கும் நரம்புகளுள் அதுவும் ஒன்று. இவ்விரு வரலாறுகளையும் இணைத்துக் காண்பதற்கு வேலூர் பொருத்தமான களமாகும்.

அளவீட்டின் தோற்றம்

1942இல் மாண்ட்ரியலில் ஹரால்டு கிரிஃபித்தும் எனிட் ஜான்சனும் குராரேயை மயக்க மருத்துவத்தில் பயன்படுத்தினர். 1954இல் பீச்சரும் டாடும் பத்து அமெரிக்க மருத்துவமனைகளின் 5,99,548 நிகழ்வுகளை ஆராய்ந்து வெளியிட்டனர். தளர்த்தி மருந்து பெறாதோரில் 2,100க்கு ஒன்றாக இருந்த மயக்கம் சார்ந்த இறப்பு, பெற்றோரில் 370க்கு ஒன்றாக இருந்தது. அவர்கள் மருந்தின் நச்சுத்தன்மையை ஐயுற்றனர். எஞ்சிய தளர்ச்சி மூச்சைத் தடுத்ததே காரணம் எனப் பின்வந்தோர் விளக்கினர். 1958இல் கிறிஸ்டியும் சர்ச்சில்-டேவிட்சனும் நரம்புத் தூண்டுகருவியை அறிமுகப்படுத்தினர். 1970இல் அலி, அட்டிங், கிரே ஆகியோர் அரை நொடி இடைவெளியில் நான்கு தூண்டல்கள் தந்து, முதல் அசைவோடு நான்காம் அசைவை ஒப்பிட்டனர். 0.7 விகிதம் போதுமெனக் கருதப்பட்ட நிலை மாறி, பின்னர் 0.9 அளவுகோலாயிற்று.

வேலூர்ச் சூழல்

ஆம்பூர், வாணியம்பாடி முதலிய தோல் பதனிடும் ஊர்களை உள்ளடக்கிய பழைய வட ஆர்க்காடு மாவட்டம் தொழுநோய் மிகுந்திருந்த பகுதியாகும். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், செயலிழந்த தசைகளையும் எஞ்சிய தசைகளையும் பிரித்தறிந்து, மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்தார். 1955இல் கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை தோன்றியது.

இத்தகைய கை கண்காணிப்புக் கருவிக்குப் பொருந்துவதில்லை. நரம்பு முற்றும் அழிந்திருப்பின் கட்டைவிரல் அசையாது. மருந்தின் விளைவு நீடிப்பதாக அது தவறாகக் கொள்ளப்படலாம். பகுதியளவு நரம்பிழந்த தசையோ மருந்தை எதிர்த்து அசையக்கூடும். அதனை நம்பி மருந்தளவு மிகுதியாகலாம். மாற்றிடங்களாகக் கொள்ளப்படும் முக நரம்பும் கணுக்கால் அருகிலுள்ள பின் டிபியல் நரம்பும் தொழுநோய் தாக்குபவையே என்பது நோக்கத்தக்கது.

முடிவுரை

நலமான கையை அடிப்படையாகக் கொண்டே இவ்வளவுகோல் வகுக்கப்பட்டது. தொழுநோய் மருந்தால் குணமானோரிடமும் நரம்பின் இழப்பு எஞ்சுகிறது. எனவே தளர்த்தி மருந்து செலுத்துவதற்கு முன்னரே, நோயாளி மயக்கமுற்றபின், அவரது இயல்பான அசைவைப் பதிவு செய்வது இன்றியமையாதது. பிராண்ட் அறுவைக்கு முன் ஒவ்வொரு தசையையும் சோதித்த மரபு இத்தேவையோடு ஒத்துச் செல்வதாகக் கொள்ளலாம்.