மாஸ்கோ தங்கமும் ஒன்பது கோல்களும்



எங்கள் காலடிப்பேட்டை டீக்கடையில் ஹாக்கிப் பேச்சு எடுத்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும். "1980-ல் நம்ம பாஸ்கரன் தலைமையில தங்கம் வாங்கினோமே, அந்த டீமுக்கு ஈடு உண்டா சார்?" வாசுதேவன் பாஸ்கரன் தமிழ்நாட்டுக்காரர். அப்போது எனக்கு இளவயது, அந்தத் தங்கத்தில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் அந்த அணியின் தடுப்பாட்டம் எத்தனை ஆழம் என்று கேட்டால் கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்வேன்.

மாஸ்கோவில் ஆறு ஆட்டம். அடித்தது 43, வாங்கியது 9. மொத்தத்தைப் பார்த்தால் பிரமாதம். தான்சானியாவை 18-0, கியூபாவை 13-0 என்று வென்றதைக் கழித்துப் பாருங்கள். மீதி நான்கு ஆட்டத்தில் அடித்தது 12, வாங்கியதோ அதே 9! போலந்துடன் 2-2, ஸ்பெயினுடன் 2-2, சோவியத்துடன் 4-2, இறுதியில் மறுபடி ஸ்பெயினுடன் 4-3. இறுதியில் 3-0 என்று முன்னால் இருந்துவிட்டு, ஹுவான் அமாத் என்ற ஒருவரிடமே மூன்று கோல் வாங்கினோம். மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, பாகிஸ்தான், ஆஸ்திரேலியா யாரும் அந்த ஒலிம்பிக் ஹாக்கிக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துப் பையனை எடைபோடக் கூடாது என்பது வாத்தியார் புத்தி, விடாது.

1956 மெல்போர்னில் வாங்கிய கோல் பூஜ்யம். அங்கேயும் ஆப்கானிஸ்தான், அமெரிக்கா போன்ற எளிய எதிரிகள் உண்டு. ஆனால் ஜெர்மனியுடன் 1-0, இறுதியில் பாகிஸ்தானுடன் 1-0. கடினமான இரண்டு நாளிலும் கோல்கீப்பர் சங்கர் லட்சுமணன் முன்னால் கதவு திறக்கவில்லை. இறுதியில் அந்த ஒரே கோலை அடித்தவரும் பின்வரிசை ரந்தீர் சிங் ஜென்டில்தான். என் கணக்கில் ஆழம் அதுதான்.

(அன்று ஆஃப்சைடு விதி இருந்தது, பின்னால் நிற்கும் இருவர் கோடு பிடித்தே எதிரியைத் தள்ளி நிறுத்தலாம். 1990-களில் அந்த விதி போனபின் இருவர் போதவில்லை.)

நம்ம ஊருக்கு வருவோம். காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறினால் எழும்பூர் மைதானம். 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை அங்கே நடந்தது. லீக்கில் மலேசியாவை 5-0 என்று வென்றோம். அடுத்த வாரமே இறுதியில் அதே மலேசியா, இடைவேளைக்குள் 3-1 என்று நம்மைப் பின்னுக்குத் தள்ளியது. கடைசியில் 4-3 என வென்றோம். காப்பாற்றியது முன்வரிசை.

ஆழத்துக்கு உண்மையான சோதனை, ஒருவர் இல்லாத நாள். 2024 பாரிஸ் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17-ஆம் நிமிடம் அமித் ரோஹிதாசுக்குச் சிவப்பு அட்டை. மீதி 43 நிமிடமும் பத்துப் பேர். வாங்கியது ஒரே கோல். 1-1-க்குப் பிறகு ஷூட்-அவுட்டில் 4-2. நெஞ்சுரம், ஓட்டம், ஸ்ரீஜேஷ் எல்லாம் சேர்ந்த வெற்றி.

ஆனால் பெனால்டி கார்னரில் முதல் ஆளாகப் பாய்ந்து பந்தை மறிப்பவர் ரோஹிதாஸ். ஒரு ஆட்டத் தடையால் அவர் அரையிறுதியில் வெளியே. ஜெர்மனியின் முதல் கோல் பெனால்டி கார்னரிலேயே விழுந்தது. 3-2 என்று தோற்றோம். பத்துப் பேராகத் தாக்குப்பிடித்த அணியில், அந்த ஒரு வேலைக்கு அவருக்கு நிகரான இன்னொருவர் இல்லை என்பதே என் கணிப்பு.

இரண்டு நாள் கழித்து ஸ்பெயினை 2-1 என வென்று வெண்கலம். அன்று ரோஹிதாஸ் திரும்பியிருந்தார்.