அவையும் அவைக்கு வெளியே நின்றவரும்

கலைஞர் மு. கருணாநிதியின் நூற்றாண்டு மலருக்கு அவருடைய சட்டமன்றப் பணி குறித்துக் கட்டுரை வேண்டுமென மலர்க் குழுவினர் பணித்தார்கள். அதைப் பெரும்பேறாகக் கருதி எழுதுகிறேன். திருக்குவளைப் பிறப்பு, கல்லக்குடிப் போர், திரையுரையாடல், முரசொலிக் கடிதங்கள் ஆகியவற்றை இம்மலரைக் கையிலெடுக்கும் அன்பர்கள் நன்கறிவார்கள். அவற்றை இங்கே மீண்டும் எழுத வேண்டியதில்லை. தமிழரின் நெடிய அவை மரபில் அவருக்குரிய இடம் எது என்பதை ஆராய்வதே என் நோக்கம்.

தமிழர் அவை மரபு

ஊரார் கூடி ஆளும் முறை தமிழர்க்குப் புதியதன்று. அகநானூற்றின் 77ஆம் பாடலில் மருதன் இளநாகனார், கயிற்றால் பிணித்த குடத்தின் பொறியை நீக்கி ஓலைகளை வெளியே எடுக்கும் ஆவண மாக்களை உவமையாகக் காட்டுகிறார். பாலைத்திணைப் பாடலொன்றில் போகிறபோக்கில் உவமையாக வரும் அளவுக்குக் குடத்து ஓலையால் ஆளைத் தேரும் வழக்கம் அன்றைய மக்களுக்குப் பழகியிருந்தது. ஐம்பெருங்குழுவையும் எண்பேராயத்தையும் சிலம்பும் மேகலையும் பேசுகின்றன.

இம்மரபின் மணிமுடி உத்திரமேரூர்க் கல்வெட்டு. சோழ மன்னன் முதற் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவ்விரு சாசனங்களும் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் இன்றும் நிற்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, வேறுபாடறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். இப்படித் தேர்ந்த வாரியம் என்னும் செயற்குழுவின் காலம் 360 நாள். அண்மைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர்க்கு மறுமுறை இடமில்லை. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமின்றி அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தனை நுணுக்கமாகப் பொதுவாழ்வின் ஒழுக்கத்தை வகுத்த இனம் நம்முடையது என்று எண்ணும்போது நெஞ்சு நிமிர்கிறது.

ஆயினும் அக்கல்வெட்டை முழுவதும் படிப்பவர் இன்னொன்றையும் காண்பார். இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது 35க்கும் 70க்கும் இடைப்பட்டிருக்க வேண்டும். மறையோதிய அறிவு வேண்டும். அது பிரமதேயத்துச் சபை, அதாவது பிராமணர்க்குக் கொடையளித்த ஊரின் சபை. அந்த நிலத்தில் ஏர் ஓட்டியவன் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. நாற்று நட்டவளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மனையற்றவனும் நிலமற்றவனும் அவைக்கு வெளியே நின்றார்கள். நூற்றாண்டுகள் பல கடந்தும் அப்படியே நின்றார்கள்.

கலைஞர் சட்டமன்றத்தில் செய்த பணியின் சாரம், அப்படி வெளியே நின்றவர்களை அவைக்குள் அழைத்து வந்ததே என்பது என் துணிபு.

குளித்தலை முதல் திருவாரூர் வரை

1957இல் திராவிட முன்னேற்றக் கழகம் முதன்முதலாகச் சட்டமன்றத் தேர்தலைச் சந்தித்து 15 இடங்களை வென்றபோது, குளித்தலையிலிருந்து வந்தவர் கலைஞர். வயது 33 நிறையவில்லை; உத்திரமேரூர் விதிப்படி அவர் பெயர் குடத்தில் விழவே முடியாது. அவர் அம்மன்றத்தில் முதன்முதலாக எடுத்துப் பேசிய பொருள் நங்கவரம் பண்ணை உழவர்களின் துயரம். கன்னிப் பேச்சில் தலைவர்களை வாழ்த்திவிட்டு அமர்வது எளிது. அவரோ உழவனின் வழக்கை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பிறகு 1962இல் தஞ்சாவூர். அங்கிருந்து சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், நிறைவில் 2011இலும் 2016இலும் திருவாரூர். பதின்மூன்று முறை நின்றார், ஒருமுறையும் தோற்றதில்லை. எதிர்க்கட்சித் துணைத்தலைவர், அமைச்சர், 1969 முதல் ஐந்து முறை முதலமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர் என அவையின் எல்லா வரிசைகளிலும் அமர்ந்தவர். 1983இல் ஈழத்தமிழர் துயருக்காகப் பேராசிரியர் அன்பழகனாருடன் உறுப்பினர் பதவியையே துறந்தார். 1976இலும் 1991இலும் அவர் தலைமையிலான ஆட்சி கலைக்கப்பட்டது. இரு முறையும் வீழ்ந்த இடத்திலிருந்தே எழுந்து, மக்கள் தீர்ப்போடு மீண்டும் அதே அவைக்கு வந்தார்.

மனையும் நிலமும் உரிமையும்

அவையில் அமர எவையெல்லாம் தகுதி என்று உத்திரமேரூர் கேட்டதோ, அவற்றை ஒவ்வொன்றாக எளியவர்க்குச் சட்டத்தால் ஆக்கித் தந்தவர் கலைஞர்.

நிலத்தைப் பாருங்கள். 1970இன் நில உச்சவரம்புத் திருத்தச் சட்டம் 30 தர ஏக்கர் என்றிருந்த வரம்பை 15 ஆகக் குறைத்தது. மனையைப் பாருங்கள். 1971இன் குடியிருப்பு உரிமைச் சட்டம் பண்ணையாரின் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த அடிமனையையே உடைமையாக்கியது. வேலைக்கு வர மறுத்தால் இரவோடிரவாகக் குடிசையைக் காலி செய்யச் சொல்லும் அச்சத்தில் வாழ்ந்த குடும்பத்துக்கு, காலடி மண் தன்னுடையது என்று சொல்லும் தெம்பு என்னவென்று கீழைத் தஞ்சையின் முதியவர்களைக் கேட்டால் தெரியும். மறையோதும் தகுதியைப் பாருங்கள். பரம்பரை அர்ச்சகர் உரிமையை நீக்கும் திருத்தம் அதே காலத்தில் இம்மன்றத்தில் நிறைவேறியது. 1972இல் உச்சநீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. இறைவன் சந்நிதியில் பிறப்பால் உயர்வு தாழ்வில்லை என்பது அடியார் வரலாறுகள் நமக்குக் கற்பித்த பாடம். அதற்குச் சட்டத்தின் வலு சேர்த்தவர் பகுத்தறிவாளரான கலைஞர்!

பெண்களைப் பாருங்கள். 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் தந்தை பெரியார் முன்னிலையில் முழங்கிய சொத்துரிமைத் தீர்மானம், அறுபதாண்டு கழித்து 1989இல் தமிழ்நாட்டின் சட்டமாயிற்று. நடுவணரசு இந்தியா முழுமைக்கும் அதைச் செய்ய 2005 ஆயிற்று. ஒடுக்கப்பட்டோருள்ளும் ஒடுக்கப்பட்டவரான அருந்ததியர்க்கு 2009இல் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு தந்த சட்டமும் இவ்வரிசையில் வருவது. 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள்ஒதுக்கீட்டுக் கொள்கையை ஏற்றபோது, இம்மன்றத்தின் முன்நோக்கு நாடறிய மெய்ப்பிக்கப்பட்டது.

தனிமனிதருக்கு மட்டுமா? அவைக்கே உரிமை கேட்டார். 1969இல் நடுவண்–மாநில உறவுகளை ஆராய இராசமன்னார் குழுவை அமைத்து, அதன் அறிக்கையை ஆய்ந்து, 1974 ஏப்ரலில் மாநில சுயாட்சித் தீர்மானத்தை இம்மன்றத்தில் நிறைவேற்றினார். அதே ஆண்டு முதல் விடுதலை நாளில் முதலமைச்சர்கள் கோட்டையில் கொடியேற்றுகிறார்கள் என்றால், அந்த உரிமையைக் கேட்டுப் பெற்றவர் அவரே.

சொல்லின் திறம்

வள்ளுவப் பேராசான் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்களை இத்துறைக்கே ஒதுக்கினார். போர்க்களத்தில் உயிர் கொடுப்போர் எளிதில் கிடைப்பர், அவையில் அஞ்சாதார் கிடைத்தல் அரிது என்கிறார். கற்றும் அவைக்கு அஞ்சுபவரைக் கல்லாதவர்க்கும் கீழே வைக்கிறார். குறளோவியம் தீட்டிய கலைஞருக்கு இவை வெறும் ஏட்டுச் செய்யுள்களாக இருந்ததில்லை.

பேருந்துகளில் குறள் எழுதச் செய்த காலத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. நாவைக் காக்கச் சொல்லும் குறள் பேருந்தில் இருக்கக் கண்ட உறுப்பினர் ஒருவர், அது ஓட்டுநருக்கா, நடத்துநருக்கா, பயணிகளுக்கா என்று மன்றத்தில் கேட்டாராம். நாக்கு உள்ள எல்லோருக்கும்தான் என்று கலைஞர் எழுந்து விடையிறுக்க, கேட்டவரும் சேர்ந்து சிரித்தாராம். வென்றவரும் தோற்றவரும் ஒன்றாய் மகிழும் சொல்லே அவைச்சொல்.

செவி கைக்கும் சொல்லையும் பொறுக்கும் பண்பை இறைமாட்சியில் வள்ளுவர் அரசனுக்கு வகுத்தார். ஆளும் வரிசையிலும் எதிர்வரிசையிலும் மாறிமாறி அமர்ந்த ஒருவருக்கே அப்பண்பின் அருமை முழுதும் விளங்கும்.

இளைய உறுப்பினர்களுக்கு

விடியுமுன் எழுந்து நாளேடுகள் அனைத்தையும் படித்து முடித்து மன்றத்துக்குப் புறப்பட்டவர் கலைஞர். அவர் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்கும் இளைஞர்களே, அந்த உழைப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். மானியக் கோரிக்கை விவாதத்துக்குச் செல்லுமுன் அத்துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். பழைய அவை நடவடிக்கைக் குறிப்புகளைப் புரட்டுங்கள். எந்தக் கேள்வி எந்த ஊரின் கண்ணீரிலிருந்து பிறந்தது என்று தேடிப் பாருங்கள். கணக்குக் காட்டாதவர்க்கு அவையில் இடமில்லை என்ற முன்னோர் விதியை மறவாதீர்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் உத்திரமேரூர்க் கல்வெட்டையும் 1974 தீர்மானத்தையும் ஒருசேரப் பாடமாக வைக்கட்டும்.

அவைக்கு வெளியே இன்னும் நிற்பவர்கள் உண்டு. மனைப்பட்டா இல்லாதவரும் மலக்குழியில் இறங்குபவரும் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரது வழக்கை எடுத்துக்கொண்டு உங்கள் முதற் பேச்சைப் பேசுங்கள். நூற்றாண்டு நாயகருக்கு அதைவிடச் சிறந்த மாலை வேறில்லை.

வாழ்க அவர் புகழ்! வளர்க தமிழ் அவை!