இந்திய மிஷனெரி சங்கம், திருநெல்வேலி

இந்திய மிஷனெரி சங்கம் 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் தொடங்கப்பட்ட நற்செய்தி ஊழிய அமைப்பு. ஊழியர், பணம், நிர்வாகம் மூன்றும் இந்தியருடையதாகவே இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. நூறாண்டுகளுக்கு மேலாக ஐரோப்பிய மிஷனெரிகளை வரவேற்று, அவர்கள் கட்டிய பள்ளிகளிலும் ஆலயங்களிலும் வளர்ந்த திருநெல்வேலித் திருச்சபை, தன் பிள்ளைகளையே மிஷனெரிகளாக அனுப்பத் துணிந்தது இச்சங்கத்தின் வழியாகத்தான். அதுவே இதன் உண்மையான சாதனை.

தொடக்கத்துக்குக் காரணமானவர் வெள்ளாளன்விளையில் 1874இல் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகத் தென்னிந்தியா முழுதும் சுற்றியவர். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு சேர்த்துக் கடல் கடந்து ஊழியம் நடத்திவருவதைக் கண்டார். யாழ்ப்பாணத்தைவிடப் பெரிய சபையாகிய திருநெல்வேலி அப்படி எதையும் செய்யவில்லையே என்ற கேள்வி அவரை உறுத்தியது. ஊர் திரும்பியவர் நண்பர்களோடு ஜெபித்து, பேசி, மறு ஆண்டே சங்கத்தை உருவாக்கினார்.

ஊழியத்துக்குத் தேர்ந்த இடம் நிஜாமின் ஐதராபாத் சமஸ்தானத்தில் இருந்த தோர்ணக்கல். திருநெல்வேலியாருக்கு அது அயல்நாடு போன்றதே: மொழி தெலுங்கு, ஆட்சி வேறு, சாப்பாடும் வேறு. முதல் மிஷனெரியாகச் சாமுவேல் பாக்கியநாதன் 1904இல் அங்கு சென்றார். 1909இல் குருப்பட்டம் பெற்ற அசரியா, ஒய்.எம்.சி.ஏ. பணியை விட்டுவிட்டுத் தாமே தோர்ணக்கலுக்குக் குடிபெயர்ந்தார். ஓர் அமைப்பைத் தொடங்கியவரே அதன் கடைநிலைக் களத்தில் போய் உட்கார்வது எக்காலத்திலும் அரிது. அவர் தெலுங்கு கற்றார். மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனார்.

ஞானஸ்நானம் பெற்றோரில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகங்களைச் சேர்ந்த நிலமற்ற கூலிகள். அவர்களுக்கு எழுத்தும் சுகாதாரமும் கற்பிப்பதை ஊழியத்தின் பகுதியாகவே அசரியா கருதினார். புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவரும் அண்டை வீட்டாருக்குச் சாட்சி சொல்லக் கடமைப்பட்டவர் என்றும் வற்புறுத்தினார். சேரிகளில் வாழ்க்கை மாறியதைப் பார்த்து, பிற சாதியாரும் பின்னர் சபையில் சேர்ந்தனர்.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. சங்கத்தின் களமாக இருந்த தோர்ணக்கல் ஒரு திருமண்டலத்தின் தலைமையிடமாயிற்று. அங்கு எழுந்த பேராலயம், கோயில் தூண்களையும் மசூதிக் குவிமாடங்களையும் தன் கட்டடக்கலையில் ஏற்று, 1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது.

வளர்ச்சி எதிர்ப்பின்றி நடக்கவில்லை. 1930களில் தாழ்த்தப்பட்டோர் கூட்டமாக மதம் மாறுவதைக் காந்தி கடுமையாகக் கண்டித்தார். தங்கள் நம்பிக்கையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அம்மக்களுக்கு உண்டு என்பதில் அசரியா உறுதியாக நின்றார். அதே அசரியா, கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி வேண்டாம் என்றும் வாதிட்டார். சபை ஓட்டு வங்கியாகிவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு இருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அவரை எடைபோடுவது நியாயமல்ல.

அசரியா 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கலில் காலமானார். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது திருநெல்வேலியும் தோர்ணக்கலும் அதன் திருமண்டலங்களாயின. பாளையங்கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்ட சங்கம் இன்றும் பல மாநிலங்களுக்கு ஊழியரை அனுப்பிவருகிறது.