ஏழு முறை கான்சல் ஆனவர் – கயஸ் மாரியஸ்

ஜூலியஸ் சீசரைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அவருடைய அத்தை ஜூலியாவின் கணவர் கயஸ் மாரியஸைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ரோமக் குடியரசு வீழ்ந்த கதையைச் சீசரிலிருந்து சொல்வதுதான் வழக்கம். என்னைக் கேட்டால் அதை மாரியஸிலிருந்தே தொடங்க வேண்டும்.

மாரியஸ் கி.மு. 157 வாக்கில் ரோமுக்குத் தென்கிழக்கே, அர்ப்பினம் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். அவருடைய குடும்பத்தில் அதற்கு முன் யாரும் ரோமில் பெரிய பதவிக்கு வந்ததில்லை. இப்படிப்பட்டவர்களை ரோமர்கள் 'புதிய மனிதர்' என்பார்கள். ஸ்பெயினில் நடந்த நுமான்சியா முற்றுகையில் வீரராகப் பெயர் வாங்கினார். பிறகு அரசியலில் ஒவ்வொரு படியாக ஏறினார்.

அந்தச் சமயம் வட ஆப்பிரிக்காவில் நுமிடிய மன்னன் ஜுகுர்த்தாவுடன் போர் முடியாமல் இழுத்துக்கொண்டே போனது. அங்கே மெடல்லஸ் என்ற தளபதியின் கீழ் இருந்த மாரியஸ், ரோமுக்கு வந்து தேர்தலில் நின்று கி.மு. 107-ல் கான்சல் ஆனார். மெடல்லஸின் தலைமைப் பொறுப்பும் அவருக்கே வந்தது.

படையில் சேரக் கொஞ்சமாவது சொத்து வேண்டும் என்பது ரோமின் விதி. மாரியஸ் சொத்தே இல்லாத ஏழைகளையும் சேர்த்துக்கொண்டார். ரோமப் படையின் எல்லாச் சீர்திருத்தங்களையும் இவர் பெயரில் எழுதுவது பழைய பழக்கம். இன்றைய ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. சொத்து வரம்பு முன்பே குறைந்துகொண்டுதான் வந்தது. ஆனாலும் ஒரு கேள்வி எழுந்துவிட்டது: போர் முடிந்தபின் இந்த ஏழை வீரர்களுக்கு நிலம் தருவது யார்? செனட் தர விரும்பவில்லை. எனவே வீரன் தன் தளபதியையே நம்பினான்.

கி.மு. 105-ல் ஜுகுர்த்தா பிடிபட்டான். அவனைப் பேசி வாங்கியவர் மாரியஸின் கீழிருந்த சுல்லா. வெற்றி யாருடையது என்ற பகை அங்கே முளைத்தது. அதே ஆண்டு வடக்கிலிருந்து வந்த சிம்பிரி, டியூட்டன் கூட்டங்கள் அராசியோவில் ரோமப் படையை அழித்தன. பயந்துபோன மக்கள் கி.மு. 104 முதல் 100 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து மாரியஸையே கான்சல் ஆக்கினார்கள். அவர் 102-ல் டியூட்டன்களையும், 101-ல் கட்டுலஸுடன் சேர்ந்து சிம்பிரிகளையும் முறியடித்தார்.

போர்க்களத்தில் வென்றவருக்கு அரசியல் கைகொடுக்கவில்லை. தன் வீரர்களுக்கு நிலம் பெற சாட்டர்னினஸ் என்ற தலைவருடன் சேர்ந்தார். கலவரம் மூண்டதும் செனட் சொன்னபடி அவரையே கைது செய்தார். அடைத்து வைத்த இடத்தின் ஓடுகளைப் பிரித்தே கூட்டம் சாட்டர்னினஸை அடித்துக் கொன்றது. அதன்பின் இரு தரப்பும் மாரியஸை நம்பவில்லை.

கி.மு. 88-ல் மித்ரிடேட்டஸ் மன்னனுக்கு எதிரான படைத்தலைமை சுல்லாவுக்குக் கிடைத்தது. எழுபதை நெருங்கிய மாரியஸ், மக்கள் சபையின் மூலம் அதைத் தனக்கு மாற்றிக்கொண்டார். சுல்லா தன் படையோடு ரோமுக்கே திரும்பினார். அதிகாரிகள் கிட்டத்தட்ட எல்லோரும் விலகினார்கள்; சாதாரண வீரர்கள் விலகவில்லை. நாட்டைவிடத் தளபதியை நம்பும் படையை உருவாக்கிய மாரியஸ், அப்படி ஒரு படைக்குப் பயந்தே ஆப்பிரிக்காவுக்கு ஓடினார்.

87-ல் சின்னாவுடன் திரும்பிவந்து எதிரிகளைக் கொன்று குவித்தார். 86-ல் ஏழாவது முறையாகக் கான்சல் ஆகி, அந்த ஜனவரியிலேயே இறந்தார்.

கி.மு. 49-ல் சீசர் ரூபிகான் ஆற்றைக் கடந்ததைப் படிக்கும்போது, அந்த வழியில் முதலில் போனவர் சுல்லா என்பதையும், அதற்குக் கதவைத் திறந்தவர் மாரியஸ் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.